தாயைக் காட்டாத குட்டி

ஆம்பூரில் யாரும் தோலைப் படம் பார்த்து வாங்கமாட்டார்கள். வெட் ப்ளூ, அதாவது குரோமில் பதனிட்ட ஈரத் தோல், லாட்டாக வந்து இறங்கினால் ஒவ்வொரு தோலாகப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, உண்ணி கடித்த தழும்பு, அம்மைத் தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறல் எல்லாவற்றையும் பார்த்து, இது முதல் செலக்‌ஷன், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போட்ட பிறகுதான் விலையே பேசுவார்கள். தடவிப் பார்க்காமல் தலையாட்டும் ஆளைத் தொழிலில் யாரும் மதிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில்தான், முகம் தெரியாத ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாய்க்குட்டிப் படத்தை நம்பிச் சம்பளப் பணத்தைப் போனில் போட்டுவிட்டு, "டாக்டர், குட்டி எப்ப சார் வரும்?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

நான் கால்நடை மருத்துவன். 1903-இல் தொடங்கப்பட்டு இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த புதிதில் என்னிடம் வந்ததெல்லாம் கறவை மாடும் வெள்ளாடும்தான். நாய் என்றால் டேனரி காவல் நாய். சுண்ணாம்புத் தொட்டி ஓரம் திரிந்து பாதம் வெந்திருக்கும். தோலிலிருந்து சீவிப் போட்ட சதைக் கழிவைத் தின்றுவிட்டு வயிறு ஊதி வந்து நிற்கும். இங்கே பல வீடுகளில் நாய் வாசலோடு சரி, உள்ளே விடுவதில்லை. ஆனால் காவலுக்கு நாய் இல்லாத டேனரியும் இல்லை. அந்த நாய்களை யாரும் காசு கொடுத்து வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு காம்பவுண்டில் ஈன்றால் பக்கத்துக் காம்பவுண்டுக்காரர் ஒன்றைத் தூக்கிப்போவார். மரியாதை தெரிந்தவராக இருந்தால் குட்டி கொடுத்த வாட்ச்மேனுக்கு ஒரு பொட்டலம் பிரியாணி வரும்.

2020 ஊரடங்கில் இதெல்லாம் மாறியது. ஷூ கம்பெனிகள் மூடிக் கிடந்தன, பள்ளிக்கூடமும் இல்லை, பிள்ளைகள் கையில் நாள் முழுக்கப் போன். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சு என்று பெயர்கள் வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். கேட்பவர் பெருகிய இடத்தில் ஏமாற்றுபவனும் வந்து கடை போட்டான்.

இந்த ஏமாற்று இரண்டு வகை. முதல் வகையில் குட்டியே கிடையாது. இரண்டாவது வகையில் குட்டி வரும். எது கொடுமை என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். ஆனால் ஊரில் பேச்சாக அடிபடுவது முதல் வகை, அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ஒருநாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கிளினிக்குக்கு வந்தார். கையில் ஒரு பை. உள்ளே எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, ஒரு கழுத்துப் பட்டை. பட்டை கடையில் வாங்கியது இல்லை. கம்பெனியில் வெட்டிக் கழித்த பழுப்பு அப்பர் தோல் துண்டை இரண்டு மடிப்பாக வைத்து, ஓரம் மடக்கி, ஊசித் தையல் ஒரே அளவில் விழும்படி அவரே தைத்தது. உள் பக்கம் மெல்லிய லைனிங் வேறு கொடுத்திருந்தார், குட்டிக்கு உறுத்தக் கூடாதாம். "நாளைக்கு கோல்டன் ரெட்ரீவர் குட்டி வருது சார். இன்னா சாப்பாடு போடணும், சொல்லுங்க" என்றார். புகார் சொல்ல வந்தவர் இல்லை. பத்தியம் கேட்க வந்தவர்.

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டபிறகுதான் போனை நீட்டினார். விளம்பரத்தில் விலை 6,000 ரூபாய். ஒழுங்காக வளர்க்கிறவர் யாரும் அந்த விலைக்கு அந்த இனத்தைக் கொடுக்க முடியாது. தாய்க்குப் போட்ட தீனிச் செலவுக்கே கட்டாது. விற்பவன் தன்னை ராணுவத்தில் இருப்பவன் என்று சொல்லியிருக்கிறான். திடீரென்று ஜம்முவுக்கு மாற்றலாம், குட்டியை நல்ல குடும்பத்தில் விடவேண்டுமாம். ராணுவ அடையாள அட்டை, கேண்டீன் அட்டை, சீருடைப் படம் எல்லாம் அனுப்பியிருந்தான். வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத கிராமம் குறைவு. சீருடை என்றால் இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. அவன் அதைத் தெரிந்து செய்தானா, எல்லா ஊருக்கும் அதே படம்தானா என்று எனக்குத் தெரியாது. வேலை செய்தது என்னவோ உண்மை.

முதலில் புக்கிங் 1,000 ரூபாய். மறுநாள் கம்பி போட்ட வண்டிக்குள் கூண்டு இருக்கும் படம்; அதற்கு டிரான்ஸ்போர்ட் 2,800. அதற்கு மறுநாள் காலை, "வண்டி வாலாஜா டோல்கேட்டில் நிற்கிறது, விலங்கு நலத்துறை செக்கிங், இன்ஷூரன்ஸ் கட்டினால்தான் விடுவார்கள்" என்று 7,500. அது திரும்பி வரும் பணமாம். குட்டியைக் கையில் கொடுத்த ஐந்து நிமிடத்தில் கணக்கில் ஏறிவிடுமாம். கட்டினார். உடனே அடுத்த செய்தி: நீங்கள் ஒரே தவணையில் போட்டதால் சிஸ்டம் ஏற்கவில்லை, இரண்டு தவணையாக மறுபடி போடுங்கள், முதலில் போட்டது தானாகத் திரும்பிவிடும். இந்த இடத்தில்தான் அவருக்குப் பணம் தீர்ந்தது. சந்தேகம் வந்து நிற்கவில்லை, கையில் காசு இல்லாமல் நின்றார். நாளைக்கு அட்வான்ஸ் கேட்டு வாங்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தவர் வழியில் என்னிடம் வந்தார்.

அந்த வண்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் மஞ்சளாக ஒரு வயல், பூத்துக் குலுங்கும் கடுகு. வாலாஜா டோல்கேட் பக்கம் கடுகு வயல் எங்கேம்மா இருக்கு என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. குட்டிப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டதும் அதே குட்டி வேறு வேறு ஊர் பெயரில், வேறு வேறு விலையில் வந்து நின்றது. கிளினிக்கில் உட்கார்ந்தபடியே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போட்டுக் கொடுத்தோம். அன்று காலை போன தொகையில் ஒரு பகுதியை வங்கியில் நிறுத்திவைத்தார்கள். முந்தைய பணம் போனது போனதுதான்.

அந்த வாட்ஸ்அப் உரையாடலை ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்த்தேன். தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ராணுவ அட்டை அல்ல, வேறொரு வரி. புக்கிங் பணம் போட்ட அன்றே அவன் கேட்டிருக்கிறான்: குட்டிக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள், சர்டிஃபிகேட்டில் எழுதவேண்டும். அந்த அம்மாவின் பையன் ஒரு பெயர் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு செய்தியிலும் அந்தப் பெயர்தான். அது தண்ணீர் குடித்தது, தூங்குகிறது, வெயிலில் வாடுகிறது, இன்று பணம் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர் வைத்தபிறகு அது வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறது. சரக்கு வரவில்லை என்று தைரியமாகச் சண்டை போடத் தெரிந்தவர்கள், டோல்கேட்டில் பிள்ளை வாடுகிறது என்றால் கடன் வாங்கியாவது பணம் அனுப்புவார்கள். இவர்களை ஏமாளிகள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடும் கிடையாது. 2021-இல் டேராடூனில் ஒரு பெண்மணி இதே கோல்டன் ரெட்ரீவர் குட்டிக்காக ஆன்லைனில் இழந்த தொகை 66 லட்சம் ரூபாய். எழுத்துப் பிழையில்லை, லட்சம்தான். உத்தராகண்ட் சிறப்பு அதிரடிப் படை பெங்களூரில் ஒரு காமரூன் நாட்டவரைக் கைதுசெய்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் கூகுள் நிறுவனமே, பாசெட் ஹவுண்ட் குட்டிகள் விற்பதாகப் போலித் தளங்கள் நடத்திய ஒரு காமரூன்காரர்மேல் வழக்குத் தொடர்ந்தது. டேராடூனிலும் அமெரிக்காவிலும் வாலாஜாவிலும் பணம் கறக்கும் வழி ஒன்றே: விலை குறைவாகத் தொடங்கும், பிறகு போக்குவரத்து, கூண்டு, இன்ஷூரன்ஸ், குவாரண்டைன் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். நடுவில் மிரட்டலும் உண்டு: பணம் கட்டாமல் குட்டி செத்தால் உங்கள்மேல் மிருகவதை வழக்கு வரும் என்பார்கள். வாங்காத நாய்க்கு யாரும் வழக்குப் போடமுடியாது. ஆனால் இரவு பத்து மணிக்கு போனில் அதட்டும்போது இந்த நியாயம் யாருக்கும் தோன்றாது.

ஒருவரிடம் குட்டி வேலூர் விமான நிலையத்துக்கு கார்கோவில் வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். வேலூர் அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது, ஆனால் அப்போது பயணிகள் விமானமோ கார்கோ விமானமோ அங்கே வந்துபோனதில்லை. அவர் அதே வேலூரின் விருதம்பட்டுக்காரர், ஊரில் பிறந்து வளர்ந்தவர். "இப்ப புதுசா விட்டிருப்பாங்கன்னு நினைச்சேன் சார்" என்றார்.

இனி இரண்டாவது வகை.

ஒரு டேனரியில் சூப்பர்வைசராக இருக்கும் பாய், காவலுக்கென்று ராட்வீலர் குட்டி ஒன்றை ஆன்லைனில் பேசி வரவழைத்தார். பாதிப் பணம் முன்பணம், மீதி குட்டி ஏறியதும். பெங்களூரிலிருந்து ஆம்னி பஸ் டிக்கியில், ஆப்பிள் பெட்டியில் ஓட்டை போட்டு வந்து சேர்ந்தது. விடியற்காலையில் பைபாஸில் இறக்கி, நேராக என்னிடம் கொண்டுவந்தார். விற்றவன் சொன்ன வயது 50 நாள். வாயைத் திறந்து பார்த்தேன்.

நாய்க்குட்டியின் வயதைச் சொல்ல விற்பவன் வாய் வேண்டாம், குட்டியின் வாய் போதும். பிறந்து இரண்டு வாரத்துக்குள் கண் திறக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து முன் பால்பற்களும் கோரைப் பற்களும் எட்டிப்பார்க்கும். பக்கவாட்டில் இருக்கும் கடைவாய்ப் பால்பற்கள் நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரிசை கட்டும். ஐம்பது நாள் ஆன குட்டிக்கு வாய் நிறைய ஊசி ஊசியாகப் பல் இருக்கவேண்டும். விரலைக் கொடுத்தால் நமக்கு ரத்தம் வரும். பாயின் குட்டிக்கு முன்னால் நாலைந்து அரிசிப் பல், கோரைப் பல் அப்போதுதான் ஈற்றை உடைத்திருந்தது, பக்கங்கள் மழமழவென்று இருந்தன. வயது முப்பது நாளைத் தாண்டாது. கூடவே பானை வயிறு, பூச்சி மருந்து கண்ணில் காட்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அதோடு வந்த தடுப்பூசி அட்டைதான் இன்னும் வேடிக்கை. மூன்று தேதிகள், ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே உட்காரலில் எழுதியது. உண்மையான அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். பக்கத்தில் மருத்துவர் கையெழுத்தும் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கும். இதில் ஸ்டிக்கரும் இல்லை, எண்ணும் இல்லை, ரப்பர் ஸ்டாம்பில் "டாக்டர்" என்று மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டாயிற்று என்று ஒரு வரி. அந்த ஊசியை மூன்று மாதம் ஆனபிறகுதான் போடுவோம். முப்பது நாள் குட்டிக்குப் போட்டேன் என்று எழுதியவனுக்கு ஊசியும் தெரியாது, நாயும் தெரியாது.

ஏன் இவ்வளவு சின்னதாக விற்கிறார்கள் என்று கேட்பார்கள். ஒன்று, குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு அழகு. படத்தில் நன்றாக விலைபோகும். இரண்டு, தாய்ப்பால் குறைந்து குட்டிகள் சோறு கேட்கத் தொடங்கும் நேரம் அது. தள்ளிவிட்டால் தீனி மிச்சம், ஊசி மிச்சம். எட்டு வாரம்வரை தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் இருக்கும் குட்டி, கடித்தால் திருப்பிக் கடி கிடைக்கும் என்பதை அங்கேயே கற்றுக்கொள்கிறது. அதைக் கற்காமல் வந்த ராட்வீலர் நாளைக்கு யாரைப் பதம் பார்க்கும் என்று விற்பவனுக்குக் கவலையில்லை.

இரண்டாம் நாள் பாய் மறுபடி வந்தார். குட்டியைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, வாசலில் நிற்கும்போதே எனக்கு வாடை வந்துவிட்டது. டேனரி ஊர்க்காரன் மூக்கு மரத்துப்போயிருக்கும் என்பார்கள். ஆனால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோயின் நாற்றம் வேறு ரகம். ரத்தமும் அழுகலும் கலந்து இரும்பு போல அடிக்கும். வாந்தி, ரத்தக்கழிச்சல், ஈறு வெளுத்து, கண் குழி விழுந்து கிடந்தது. மலத்தைத் தொட்டெடுத்து டெஸ்ட் கிட்டில் விட்டால் பத்து நிமிடத்தில் இரண்டு கோடு.

இதற்கு வைரஸைக் கொல்லும் மருந்து எங்களிடம் இல்லை. நரம்பில் சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, பின்தொற்று வராமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, உடம்பு தானாகப் போராடி மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். 1970-களின் கடைசியில் உலகம் முழுக்கப் பரவிய நோய் இது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். இத்தனை காலமாகியும் ஊசி போடாத குட்டிகளை அது வாரிக்கொண்டு போவது நிற்கவில்லை. அந்தக் குட்டி மூன்றாம் நாள் இரவு போனது. விற்றவனுக்கு பாய் போன் செய்தார். "நீங்க பால் கொடுத்திருப்பீங்க, அதான்" என்று சொல்லிவிட்டு எண்ணை பிளாக் செய்துவிட்டான்.

இங்கே வாங்கியவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பார்வோ உடம்பில் ஏறி நோயாக வெளிப்படப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே குட்டி கழிகிறது என்றால் அது நீங்கள் கொடுத்த பாலால் வந்ததல்ல, புறப்பட்ட இடத்திலேயே தொற்றியது. வந்த அன்றே மருத்துவரிடம் காட்டி, தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டால் நாளைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பேச ஒரு ஆதாரம் இருக்கும். பாய் அந்த வழியில் போகவில்லை. "விடுங்க டாக்டர், வாயில்லா ஜீவன், அதுக்கு மேல நான் இன்னா கேஸ் போடறது" என்றார்.

அவருக்கு நான் சொல்லி அனுப்பியது வேறு: குட்டி கிடந்த ஷெட்டில் ஃபினாயில் ஊற்றிப் பிரயோசனம் இல்லை, இந்த வைரஸ் அதற்குச் சாகாது. திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையை முதலில் கழுவி அழுக்கு போக்கியபிறகு ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரையில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி முடியாத இன்னொரு குட்டியை அந்த இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. குட்டி இறந்த துக்கத்தில் அடுத்த வாரமே இன்னொன்றை வாங்கி, அதையும் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-இல் விதிகள் போட்டது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும், எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது, மைக்ரோசிப் பொருத்தியிருக்கவேண்டும், ஊசி போட்ட விவரமும் மருத்துவர் பெயரும் வாங்குபவரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி நாயை அனுப்பவே மருத்துவச் சான்று வேண்டும். ஆப்பிள் பெட்டிக்குள் வந்ததற்கு யார் சான்று கொடுத்தார்? பதிவு எண் கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறவனிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

"கேசிஐ பேப்பர் இருக்கு சார்" என்பது அடுத்த பெரிய வார்த்தை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா 1896-இல் தொடங்கிய அமைப்பு, தலைமையிடம் நம் சென்னையில்தான். அதன் சான்றிதழ் நாயின் தாய் தந்தை வழியைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. வழியையும்கூட, பேப்பரில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் தோலுக்கடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் நம்பலாம். பதினைந்து இலக்க எண் அது. ரீடரைத் தோள்பட்டை மேல் நகர்த்தினால் பீப் என்று எண் வரும். பேப்பர் வந்து சிப் இல்லாத குட்டிகளையும், ஒரே பேப்பரின் ஜெராக்ஸோடு வெவ்வேறு வீட்டிலிருந்து வந்த இரண்டு குட்டிகளையும் என் மேஜைமேல் பார்த்தாயிற்று. "டபுள் கோட்", "டபுள் போன்", "ஷோ குவாலிட்டி" என்பதெல்லாம் விற்பவன் வாயில் வரும் விலையேற்றும் வார்த்தைகள். எங்கள் பாடப் புத்தகத்தில் டபுள் போன் என்று ஒரு எலும்பு கிடையாது.

2024-இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் உட்பட 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்றது. காரணம் எளிது, நம் வெயிலை அவை தாங்காது. கொள்கை நீதிமன்றம்வரை போனது தனிக் கதை. ஆனால் அறிவிப்பு வந்த வேகத்தில் "தடை வரப்போகுது, கடைசி ஹஸ்கி குட்டி" என்று விளம்பரங்கள் சுற்றியதைப் பார்த்தேன். மோசடிக்காரன் அரசாணையைக்கூட வீணாக்குவதில்லை. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில், கரன்ட் போனால் ஹஸ்கியை ஈரச்சாக்கில் படுக்கவைக்கும் வீடுகள் உண்டு. சட்டம் என்ன ஆனாலும் என் கருத்து மாறாது: இந்த ஊருக்கு அந்த நாய் வேண்டாம்.

சரி, நாட்டு நாய் வாங்குகிறேன் என்பவர்களையும் விடுவதில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கும் இப்போது ஆன்லைனில் நன்றாக விலைபோகின்றன. 2005-இல் தபால்தலையில் வந்த நாய் ராஜபாளையம். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. வெள்ளையாக இருக்கும் எந்தக் கலப்புக் குட்டியையும் அந்தப் பெயரில் விற்றுவிடுகிறார்கள். உண்மையான ராஜபாளையமாகவே இருந்தாலும் ஒரு சோதனை செய்யவேண்டும். வெள்ளை நிறத்தோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வரும். கூடப் பிறந்ததுகளோடு விளையாடும்போது மற்றவை ஓடுவதைப் பார்த்து அதுவும் ஓடும், அதனால் தெரியாது. தனியாகப் பிரித்து, தூங்கவிட்டு, பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். வீடியோவில் இது ஒருநாளும் தெரியாது.

வாங்கும் முன்பே வந்து கேட்பவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள், நல்ல விஷயம். அவர்களிடம் நான் நீளமாகப் பேசுவதில்லை. தாயைக் காட்டச் சொல்லுங்கள் என்பேன். பதிவு செய்த வீடியோ வேண்டாம், நேரலையில், நான் சொல்லும்போது திருப்பிக் காட்டவேண்டும்: குட்டியைப் புரட்டு, ஈறைக் காட்டு, வாலைத் தூக்கு. இல்லாத குட்டியை எவனாலும் புரட்ட முடியாது. அப்போதுதான் நெட்வொர்க் போகும், கேமரா ரிப்பேர் ஆகும், மேலதிகாரி கூப்பிடுவார்.

வீடியோ தேறினாலும் பணம் போடாதீர்கள், நேரில் போங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னையும் பெங்களூரும் ஒருநாளில் போய்த் திரும்பும் தூரம்தான். போனால் சிலர் ஏதோ ஒரு பெட்டை நாயைக் கட்டிவைத்து இதுதான் தாய் என்பார்கள். அதன் அடிவயிற்றைப் பாருங்கள். குட்டி ஈன்று இரண்டு மாதமே ஆன நாய்க்கு மடி தொங்கும், காம்பு தடித்து நீண்டிருக்கும், குட்டிகளின் நகக் கீறல்கூடத் தெரியும். வயிறு ஒட்டி, காம்பு கடுகளவில் இருந்தால் அது வேறு யாருடைய தாயோ. குட்டிகளை அவிழ்த்து விடச் சொல்லுங்கள். தாயை நோக்கி ஓடவேண்டும். பஸ் ஸ்டாண்டிலும் பெட்ரோல் பங்கிலும் வந்து கொடுக்கிறேன் என்பவன் வீட்டைக் காட்ட விரும்பாதவன். குட்டி கைக்கு வந்தபிறகு பணம் கைமாறட்டும்.

இன்னொன்று பெரியவர்களுக்கு. பணம் திரும்பத் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் போவது மட்டும்தான்.

ஏமாந்துவிட்டது தெரிந்தால் வீட்டில் யார் மேல் தப்பு என்று சண்டை போட்டு நேரத்தை விடாதீர்கள். 1930-க்கு உடனே போடுங்கள், பிறகு சைபர் கிரைம் தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கி நிறுத்தமுடியும்; மணிக்கணக்கு இங்கே முக்கியம், நாள்கணக்கு ஆனால் பேச்சில்லை. அந்த எண்ணைக் கோபத்தில் பிளாக் செய்து உரையாடலை அழித்துவிடுகிறார்கள் பலர். அழிக்காதீர்கள். ஒவ்வொரு செய்தியையும், பணம் போன ரசீதையும், விளம்பரத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு 2019-க்குப் பிறகு மாவட்டம் திருப்பத்தூர், பழைய ஞாபகத்தில் வேலூருக்குப் பஸ் ஏறவேண்டாம்.

புக்கிங் பணம் கேட்டு விளம்பரம் ஏதாவது உங்கள் போனில் இப்போது இருந்தால், பணம் போடும் முன் அதை அருகிலிருக்கும் அரசு கால்நடை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.